காற்றுக்குக் கணக்கு எழுதிய புனேக்காரர்

இந்தப் பக்கம் உங்கள் செல்போன் திரைக்கு வந்து சேர்வதற்குள் எங்கோ ஒரு கம்ப்யூட்டர் கொஞ்சம் சூடாகியிருக்கும். அது தனியாக இல்லை. ஆள் உயர இரும்பு அலமாரிகளில், அடுக்கடுக்காக, வரிசை வரிசையாக அதன் கூட்டாளிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. டேட்டா சென்டர் என்று அந்த இடத்துக்குப் பெயர். 10 கிலோவாட் மின்சாரம் இழுக்கும் ஓர் அலமாரி, கிட்டத்தட்ட அந்த 10 கிலோவாட்டையும் வெப்பமாகவே வெளியே தள்ளும். வீட்டு கீசர் 2 கிலோவாட் என்றால், ஓர் அலமாரிக்குள் ஐந்து கீசர்கள் ராத்திரி பகலாக ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகும் காற்று 12 டிகிரி சூடேறி வெளியே வருகிறது என்று கணக்குப் போட்டால், அந்த ஓர் அலமாரிக்கு மட்டும் நொடிக்குச் சுமார் 700 லிட்டர் குளிர்ந்த காற்று வேண்டும்.

பல டேட்டா சென்டர்களில் இந்தக் காற்று தரைக்கு அடியிலிருந்து வருகிறது. உண்மையான தளத்துக்கு மேலே இரண்டு மூன்று அடி இடைவெளி விட்டு இன்னொரு தரை போட்டிருப்பார்கள். ஏசி இயந்திரம் குளிர்ந்த காற்றை அந்த இடைவெளிக்குள் ஊதும். அலமாரிகளுக்கு முன்னால் துளைகள் போட்ட டைல்கள். அவற்றின் வழியாகக் காற்று மேலே எழும்பும்.

ஏசிக்குப் பக்கத்தில் இருக்கும் டைலில் காற்று பீய்ச்சியடிக்கும், தூரத்து டைலுக்குப் போகப் போகக் குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல இடங்களில் நடப்பது நேர்மாறு. தூரத்து டைல் நன்றாக ஊதுகிறது. பக்கத்து டைலில் காற்று முனகுகிறது. சில சமயம் அந்தத் துளைகள் அறையின் காற்றைக் கீழே உறிஞ்சவும் செய்கின்றன. ஏசிக்கு அருகில், ‘நல்ல இடம்’ என்று நினைத்து வைத்த கம்ப்யூட்டர்தான் முதலில் கொதிக்கும்.

இந்தப் புதிருக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர்களில் முக்கியமானவர் சுஹாஸ் பாட்டண்கர். புனேயில் பொறியியல் படித்தவர். ஓடும் நீரையும் வீசும் காற்றையும் பரவும் வெப்பத்தையும் கம்ப்யூட்டரில் கணக்கிடும் துறையில், உலகம் முழுவதும் மாணவர்கள் முதல் வாரத்திலேயே கேள்விப்படும் பெயர். டேட்டா சென்டர் அவருக்கு வந்து சேர்ந்தது கடைசியில்தான். அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பே அவர் மல்லுக்கட்டத் தொடங்கிய ஆள் வேறு. அதன் பெயர் அழுத்தம்.

நிலக்கரிக் குவியலுக்கு அடியில் ஒரு கணக்கு

காற்றும் நீரும் எப்படி ஓடும் என்பதற்கான சமன்பாடுகள் புதியவை அல்ல. பிரான்ஸின் நேவியர் 1822-லும் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் 1845-லும் எழுதி வைத்துவிட்டார்கள். எழுதத்தான் முடிந்தது, தீர்க்க முடியவில்லை. நேரான குழாய், தட்டையான பலகை போன்ற சில எளிய வடிவங்களுக்கு மட்டும் பேப்பரில் விடை வந்தது. வளைந்த குழாய், அடுப்பு, இன்ஜின் என்று நிஜ உலகத்துக்கு வந்தால் கையை விரித்துவிடும்.

சரி, முழுதாகத் தீர்க்க வேண்டாம். இடத்தைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் கூட்டல் கழித்தல் போட்டால் என்ன? லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர் வானிலைக்கு அப்படித்தான் முயன்றார். கம்ப்யூட்டர் என்ற இயந்திரமே இல்லாத காலம். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே கையால் கணக்குப் போட்டார். 1910 மே 20 அன்று ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்பதுதான் கேள்வி. 1917-ல் சண்டைக்கு நடுவே கணக்குத் தாள்கள் காணாமலே போயின. சில மாதங்கள் கழித்து ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தன.

விடை? ஆறு மணி நேரத்தில் அழுத்தம் 145 மில்லிபார் மாறும் என்று வந்தது. பெரும் புயலில்கூட அப்படி நடக்காது. நிஜத்தில் அன்று பாரோமீட்டர் முள் அசையவே இல்லை என்று சொல்லலாம். ரிச்சர்ட்சன் மறைக்கவில்லை. 1922-ல் வெளியிட்ட புத்தகத்தில் அந்தத் தவறான விடையை அப்படியே அச்சிட்டார். முறை சரி, தொடக்கத்தில் கொடுத்த காற்றுத் தகவல்கள்தான் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகவில்லை என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. உலகத்துக்கே வானிலை கணிக்க 64,000 பேர் ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்றும் அந்தப் புத்தகத்தில் ஒரு கனவு இருக்கிறது.

அழுத்தம் எப்போதும் இப்படித்தான். மற்ற எல்லாம் ஒழுங்காக இருக்கும்போது ஆளைக் கவிழ்த்துவிடும்.

வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட அழுத்தம்

பாட்டண்கர் 1962-ல் புனே பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1964-ல் ஐ.ஐ.டி. பம்பாயில் எம்.டெக். அங்கிருந்து லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் போனார். அங்கே பேராசிரியர் பிரையன் ஸ்பால்டிங் இருந்தார். தீ எப்படி எரிகிறது என்பதில் தொடங்கி, எல்லா வகை ஓட்டங்களுக்கும் ஒரே கணக்கு முறை வேண்டும் என்று பிடிவாதமாக இருந்த மனிதர். அவருடைய ஆய்வுக் குழுவில் அக்‌ஷய் ருஞ்சால் என்ற இன்னொரு இந்திய மாணவரும் இருந்தார். துளைபோட்ட அட்டைகளில் புரோகிராம் எழுதிக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும் காலம் அது.

பாட்டண்கருக்குக் கிடைத்த முதல் வேலை, சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றுப் படலம். சுவரை உரசி உரசி, போகப் போகத் தடிக்கும் படலம் அது. அதற்கேற்ப அவர்கள் கணக்குப் பெட்டிகளையும் கூடவே விரிய விட்டார்கள். காற்று இல்லாத இடத்தில் வீணாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. 1967-ல் டாக்டர் பட்டம். அதே வருடம் ஸ்பால்டிங்கோடு சேர்ந்து எழுதிய புத்தகமும் வந்தது.

இந்த வகை ஓட்டத்தில் அழுத்தம் ஒரு பிரச்னையே இல்லை. வெளியே ஓடும் காற்றின் அழுத்தமே படலத்துக்கு உள்ளேயும். ஆனால் சுழன்று திரும்பும் ஓட்டம் வந்தால்? ஓர் அடுப்புக்குள் சுழலும் புகை மாதிரி?

இந்த இடத்தில் அழுத்தத்தின் குணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் மாட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் ஒரு சந்து அடைத்துக்கொண்டால், பின்னால் வெகு தூரத்தில் நிற்பவருக்கும் நெரிசல் உடனே எட்டிவிடும். யார் தள்ளினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் தள்ளப்படுகிறார்கள். நீரிலும் மெதுவாக வீசும் காற்றிலும் அழுத்தம் அந்த நெரிசல்தான். வேகத்துக்குச் சமன்பாடு உண்டு: இடவலம், முன்பின், மேல்கீழ் என்று மூன்று. வெப்பத்துக்கு ஒன்று உண்டு. அழுத்தத்துக்கென்று தனியாக ஒரு சமன்பாடு கிடையாது! ஒரு பெட்டிக்குள் எவ்வளவு நீர் நுழைகிறதோ அவ்வளவும் வெளியேற வேண்டும் என்ற ஒரே ஒரு நிபந்தனைதான் இருக்கிறது. அந்த நிபந்தனை நிறைவேறும்படியாக அழுத்தம் தன்னைத் தானே அமைத்துக்கொள்கிறது. இயற்கைக்கு அது ஒரு நொடி வேலை. கம்ப்யூட்டருக்கு அதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

அந்தக் காலத்துப் பிரபலமான வழி, அழுத்தத்தை வீட்டை விட்டே துரத்துவது. சமன்பாடுகளை ஒரு குறிப்பிட்ட விதத்தில் கலந்தால் அழுத்தம் அடிபட்டுப் போய்விடும். சுழற்சியை மட்டும் கணக்கிட்டால் போதும். இம்பீரியல் குழுவே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. தட்டையான, இரண்டு பரிமாண ஓட்டங்களுக்கு அழகாக வேலை செய்தது. நிஜ இன்ஜின் மூன்று பரிமாணம். அங்கே இந்த வித்தை பலிக்கவில்லை, சுமைதான் கூடியது. துரத்தியவர்களே போய் அழுத்தத்தைத் திரும்ப அழைத்து வர வேண்டியதாயிற்று.

உப்புப் போடும் கை

1972-ல் பாட்டண்கரும் ஸ்பால்டிங்கும் வெளியிட்ட கட்டுரைதான் திருப்பம். அதில் வந்த முறைக்கு ‘செமி இம்ப்ளிசிட் மெதட் ஃபார் பிரஷர் லிங்க்டு ஈக்வேஷன்ஸ்’ என்று நீளப் பெயர். முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘சிம்பிள்’. முதல் முறை புரோகிராம் எழுதும் மாணவர்கள் இந்தப் பெயரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பது வழக்கம்.

யோசனை என்னவோ உண்மையிலேயே எளியதுதான். ரசம் வைக்கும் யாருக்கும் தெரிந்த யோசனை. இத்தனை லிட்டருக்கு இத்தனை கிராம் உப்பு என்று யாரும் சமன்பாடு வைத்துக்கொண்டு சமைப்பதில்லை. ஒரு குத்துமதிப்பாகப் போடு, ருசி பார், குறைந்தால் சேர்.

கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. முதலில் அழுத்தத்தை ஊகித்துக்கொள்கிறது. எந்த எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. அந்த அழுத்தத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடுகிறது. பிறகு ருசி பார்ப்பது: ஒவ்வொரு பெட்டியிலும் நுழைந்ததும் வெளியேறியதும் சமமா? சமமாக இருக்காது. ஒரு பெட்டியில் நீர் அதிகமாகச் சேர்ந்தால் அங்கே அழுத்தத்தை ஏற்று. அது நீரை வெளியே தள்ளும். குறைந்தால் இறக்கு. மறுபடி வேகம், மறுபடி ருசி. எல்லாப் பெட்டிகளிலும் கணக்கு நேராகும்வரை இந்தச் சுற்று நூற்றுக்கணக்கில் ஓடும்.

ஒரே தடவையில் முழு உப்பையும் கொட்டக் கூடாது என்பதும் சமையலறைப் பாடம்தான். கணக்கு 10 சிட்டிகை என்று சொன்னால் 8 சிட்டிகை போடு. அழுத்தத்துக்கு 0.8, வேகத்துக்கு 0.5 என்று பாட்டண்கர் பின்னாளில் தன் புத்தகத்தில் எழுதினார். முழுத் திருத்தத்தையும் ஒரேயடியாகச் செய்தால் எண்கள் தறிகெட்டு ஓடி, கோடிகளில் போய் நிற்கும்.

இந்த முறையின் உயிர்நாடி வேறு ஒரு இடத்தில் இருக்கிறது. ஒரு பெட்டியின் அழுத்தத்தைத் திருத்தினால் அதன் பக்கத்துப் பெட்டியின் வேகம் மாறும். அது அதற்குப் பக்கத்துப் பெட்டியை மாற்றும். அது அடுத்ததை. இந்தச் சங்கிலி முழுவதையும் கணக்கில் எடுத்தால் வேலை தாங்காது. ‘சிம்பிள்’ என்ன செய்கிறது என்றால், பக்கத்து வேகங்கள் இழுத்துவரும் இந்த மாற்றத்தைக் குறிக்கும் பகுதியைச் சமன்பாட்டிலிருந்து அப்படியே தூக்கிப் போட்டுவிடுகிறது! ஏமாற்று வேலை மாதிரி தெரியும். இல்லை. தூக்கிப் போட்டது ‘திருத்தம்’ சம்பந்தப்பட்ட பகுதியைத்தான். கணக்கு முடியும்போது திருத்த வேண்டியது எதுவும் மிச்சம் இருக்காது, திருத்தம் பூஜ்யம். பூஜ்யத்தில் எதைத் தூக்கிப் போட்டால் என்ன? போகும் வழி கொஞ்சம் சுற்று வழியாகலாம். சேரும் ஊர் மாறாது.

எதை விட்டால் விடை கெடாது என்று தெரிந்து விடுவது. அடுத்த நாற்பது வருட வேலையிலும் பாட்டண்கரின் கைவண்ணம் இதுதான்.

நியாயமாகச் சொன்னால், அழுத்தத்தைப் பிடிக்க முயன்றவர் அவர்கள் மட்டுமல்ல. அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தின் ஹார்லோவும் வெல்ச்சும் 1965-லேயே ஒரு வழி கண்டிருந்தார்கள். அவர்களுடைய ஒரு தந்திரம் ‘சிம்பிள்’ முறைக்கும் கை கொடுத்தது. அழுத்தம் 100, 300, 100, 300 என்று அடுத்தடுத்த பெட்டிகளில் ஏறி இறங்கினால் உள்ளே பெரும் ரகளை என்று அர்த்தம். ஆனால் நடுப்பெட்டி தன் இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்தால் இரண்டு பக்கமும் 300. வித்தியாசம் இல்லை, எல்லாம் அமைதி என்று ஏமாந்துவிடும். இதற்கு மருந்து, வேகத்தைப் பெட்டியின் நடுவில் கணக்கிடாமல் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் வாசலில் கணக்கிடுவது. வாசலில் நிற்பவருக்கு ஒரு பக்கம் 100, மறுபக்கம் 300 என்று தெரிந்துவிடும் அல்லவா?

200 பக்கப் புத்தகம்

பாட்டண்கர் ஐ.ஐ.டி. கான்பூரிலும், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிவிட்டு அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். வெப்பவியல் உலகில் அது பெரிய இடம். எக்கர்ட் உருவாக்கிய ஆய்வுக்கூடம், ஸ்பாரோ போன்ற ஜாம்பவான்கள்.

அங்கே ஸ்பாரோவோடும் ஒரு மாணவரோடும் சேர்ந்து 1977-ல் எழுதிய கட்டுரையில் மறுபடி அதே கைவண்ணம். ரேடியேட்டர் மாதிரியான கருவிகளில் ஒரே வடிவம் நூறு தடவை அடுத்தடுத்து வரும். நூறையும் கணக்கிட வேண்டுமா? புடவைக் கரையில் ஒரு மயில் வரைந்தால் போதும், மற்ற மயில்கள் அதுவேதான். சிக்கல் என்னவென்றால், குழாயில் போகப் போக அழுத்தம் இறங்கிக்கொண்டே வரும். எனவே இரண்டு மயில்கள் ஒன்றாக இருக்காது. அவர்கள் அழுத்தத்தை இரண்டாகப் பிரித்தார்கள். சீராக இறங்குவது ஒரு பகுதி, ஒவ்வொரு மயிலிலும் ஒரே மாதிரி திரும்ப வருவது இன்னொரு பகுதி. அவ்வளவுதான், ஒரு மயிலைக் கணக்கிட்டு வேலையை முடித்தார்கள்.

1980-ல் வந்தது அவருடைய புத்தகம், ‘நியூமெரிக்கல் ஹீட் டிரான்ஸ்ஃபர் அண்ட் ஃப்ளூயிட் ஃப்ளோ’. சுமார் 200 பக்கம். இந்தத் துறையில் புத்தகங்கள் தலையணை கனத்தில் வரும். இதையோ ரயில் பயணத்தில் படித்து முடிக்கலாம். கணிதப் பூச்சாண்டி கிடையாது. யார் யார் என்னென்ன முறை கண்டுபிடித்தார்கள் என்ற பட்டியலும் கிடையாது. தனக்கு உதவிய ஒரு முறையை, ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்ற காரணத்தோடு சொல்லிக்கொண்டு போகிறார். எம்.டெக். விடுதிகளில் நைந்து போன ஜெராக்ஸ் பிரதியாகக் கைமாறிய புத்தகங்களில் இதுவும் ஒன்று.

அதில் நான்கு விதிகள் வருகின்றன. வீட்டு பாஷையில் சொல்லிவிடலாம். ஒரு பெட்டியிலிருந்து எவ்வளவு வெப்பம் போனதோ, அவ்வளவே பக்கத்துப் பெட்டிக்கு வந்ததாக எழுத வேண்டும். நடுவே காணாமல் போகக் கூடாது. பக்கத்துப் பெட்டி சூடானால் இந்தப் பெட்டி குளிரக் கூடாது. சூடு ஏற ஏற இன்னும் சூடு கூடும்படி வெப்பத்தின் ஊற்றை எழுதி வைத்தால் கணக்கு வெடித்துவிடும். சுற்றியிருக்கும் எல்லாப் பெட்டிகளும் ஒரே சூட்டில் இருந்தால், வேறு காரணம் இல்லாதபோது, நடுப்பெட்டியும் அதே சூட்டில்தான் இருக்க வேண்டும்.

இதில் என்ன இருக்கிறது, யாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றலாம். கணிதப்படி மிகத் துல்லியமானது என்று புகழப்பட்ட முறைகள் சில, இந்த இரண்டாவது விதியை மீறிவிடும். பக்கத்து வீட்டில் அடுப்பு மூட்டினால் நம் வீட்டில் ஐஸ் கட்டும் என்று அவை விடை சொல்லும். எண்களைப் பார்த்து மயங்காமல், இது இயற்கையில் நடக்குமா என்று கேட்கும் புத்தியை இந்தப் புத்தகம் ஒரு தலைமுறைக்கே ஊட்டியது.

தன் சொந்த முறையையும் அவர் விட்டு வைக்கவில்லை. ‘சிம்பிள்’ வேகத்தை நன்றாகத் திருத்துகிறது, அழுத்தத்தைத் திருத்துவதில் அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்று கண்டு, மேம்படுத்திய முறையை அவரே கொண்டு வந்தார். அதன் பெயர் ‘சிம்ப்ளர்’. பிறகு 1984-ல் வாட்டர்லூவிலிருந்து இரண்டு பேர் ‘சிம்பிள்-சி’ என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். பெயர் வைப்பதில் மட்டும் இந்தத் துறையினருக்குக் கற்பனை கொஞ்சம் குறைவுதான்.

இதற்கிடையே இந்தக் கணக்கு கடைக்கு வந்துவிட்டது. ஸ்பால்டிங் 1974-ல் தொடங்கிய நிறுவனம் 1981-ல் ‘ஃபீனிக்ஸ்’ என்ற மென்பொருளை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1983-ல் அமெரிக்காவில் ‘ஃப்ளூயன்ட்’ வந்தது. இன்றைக்கு இலவசமாகக் கிடைக்கும் ‘ஓப்பன்ஃபோம்’ மென்பொருளில் ஒரு முக்கியமான கட்டளைக்கு ‘சிம்பிள்ஃபோம்’ என்றே பெயர்.

டைலுக்கு அடியில் நடந்தது

1987-ல் பாட்டண்கர் மினசோட்டாவிலேயே ‘இன்னொவேடிவ் ரிசர்ச்’ என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கினார். டேட்டா சென்டர்களின் சூடு ஒரு தலைவலியாக வளர்ந்தபோது, அந்த நிறுவனம் அதில் இறங்கியது. ‘டைல்ஃப்ளோ’ என்று ஒரு மென்பொருளும் வந்தது.

ஒரு பெரிய டேட்டா சென்டர் முழுவதையும், ஒவ்வொரு அலமாரியின் ஒவ்வொரு விசிறியோடும் கணக்கிடப் புகுந்தால் நாள் கணக்கில் ஆகும். இவர்கள் கேட்ட கேள்வி: எதை விடலாம்? தரைக்கு மேலே அறைக்குள் அழுத்தம் இடத்துக்கு இடம் பெரிதாக மாறுவதில்லை. மாறுவது தரைக்கு அடியில்தான். அங்கேயும் அது ஒன்றும் பெரிய அழுத்தம் இல்லை. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் தரும் அழுத்தம்தான் பெரும்பாலும். ஆனால் எந்த டைலில் எவ்வளவு காற்று என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சொற்பம்தான். ஆகவே மேலே இருக்கும் அறையை விட்டுவிடு. தரைக்கு அடியில் மட்டும் கணக்குப் போடு. 2003-ல் அவரும் சக ஆய்வாளர்களும் இதைக் கட்டுரையாக வெளியிட்டபோது, நிஜ டேட்டா சென்டரில் அளந்த எண்களோடு கணக்கு ஒத்துப்போனது.

புதிரும் அவிழ்ந்தது. ஏசி கீழே ஊதும் காற்று தளத்தில் மோதித் திரும்பி, பக்கவாட்டில் சீறிக்கொண்டு ஓடுகிறது. காற்று வேகமாக ஓடும் இடத்தில் அழுத்தம் குறைவு. தலைக்கு மேலே இருக்கும் முதல் டைலை அது எட்டிப் பார்க்காமலே கடந்துவிடுகிறது. கீழே அழுத்தம் அறையின் அழுத்தத்தைவிடவும் குறைந்துபோனால் டைல் மேலிருந்து உறிஞ்சத் தொடங்கும். தூரம் போகப் போகக் காற்றின் வேகம் தணிகிறது, அழுத்தம் ஏறுகிறது, அங்கே டைல் வழியாக ஜோராக மேலே வருகிறது.

காரணம் தெரிந்த பிறகு வைத்தியம் சுலபம். தரையின் இடைவெளியை உயர்த்தினால் காற்று அகலமாக, நிதானமாக ஓடும்; அழுத்தம் சமமாகப் பரவும். ஏற்கெனவே கட்டிய இடத்தில் தரையை உயர்த்த முடியாதே என்றால், அகலத் துளை டைல்களை எடுத்துவிட்டு, பரப்பில் கால்வாசி மட்டும் திறந்திருக்கும் டைல்களைப் போடலாம். துளை சின்னதானால் காற்று கொஞ்சம் முட்டிக்கொண்டு நின்றுதான் வெளியேற வேண்டும். எல்லா டைலுக்கும் பங்கு சமமாகும். நடுவே குறுக்காகக் கிடக்கும் கேபிள் மூட்டைகளை ஒதுக்கினால் இன்னும் நல்லது. பல இடங்களில் புது ஏசி வாங்க நினைத்தவர்களுக்கு வேண்டியிருந்தது, நான்கு டைல்களை இடம் மாற்றிப் போடுவதுதான்.

வெப்பவியலில் உலகின் பெரிய கௌரவங்களில் ஒன்றான மேக்ஸ் ஜேக்கப் விருது 2008-ல் பாட்டண்கருக்குக் கிடைத்தது. ஸ்பால்டிங் தன் 93-வது வயதில், 2016-ல் காலமானார்.

இந்த வேலைக்கு வருபவர்களுக்கு

கார் கம்பெனி, விமான இன்ஜின், மருந்துத் தொழிற்சாலை, மெட்ரோ சுரங்கத்தில் தீப்பிடித்தால் புகை எந்தப் பக்கம் போகும் என்று பார்க்கும் ஆலோசனை நிறுவனம் என்று இந்தப் பொறியாளர்களுக்கு இன்று எங்கும் இடம் இருக்கிறது. கடலடிக் கேபிள்கள் கரையேறும் சென்னையைச் சுற்றி டேட்டா சென்டர்கள் எழும்பிக்கொண்டிருப்பதால், டைலுக்கு அடியில் கணக்குப் போடும் வேலை இங்கேயும் உண்டு. மெக்கானிக்கல், கெமிக்கல், ஏரோநாட்டிக்கல் எதில் பட்டம் வாங்கினாலும் வரலாம்.

மென்பொருளைத் திறந்து, வடிவத்தை ஏற்றி, பெட்டிகளாகப் பிரித்து, பட்டனைத் தட்டினால் சிவப்பும் நீலமுமாக அழகான படம் வரும். அங்கேதான் ஆபத்து. தவறான கணக்கும் அதே அழகோடு படம் காட்டும். ‘சி.எஃப்.டி. என்றால் கலர்ஃபுல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ்’ என்று துறைக்குள் ஒரு பழைய கிண்டல் உண்டு. ஏசியிலிருந்து வரும் காற்றின் வேகத்தை ஒருவர் உத்தேசமாகப் போட்டுவிட்டால், மீதிக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை. ரிச்சர்ட்சனுக்கு நேர்ந்ததே மறுபடி நேரும். வித்தியாசம், அவருக்கு 145 மில்லிபார் என்று வந்தபோது அது தப்பு என்று உடனே தெரிந்தது. வண்ணப் படத்தில் தெரியாது.

அதனால்தான் இந்தத் துறையில் நல்ல ஆசிரியர்கள் மென்பொருளைத் தொடவிடுவதற்கு முன்னால், சொந்தமாக ஒரு சின்ன புரோகிராம் எழுதச் சொல்கிறார்கள். பயிற்சி பெரும்பாலும் இதுவாக இருக்கும்: ஒரு சதுரப் பெட்டி நிறைய நீர். மூடி மட்டும் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. உள்ளே நீர் எப்படிச் சுழலும்? 1982-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் இருந்த கீர்த்தி கியா, ஊர்மிளா கியா என்ற தம்பதியும் ஷின் என்பவரும் இந்தக் கேள்விக்கு மிகக் கவனமாக விடை கண்டு, பெட்டியின் நடுக்கோட்டில் நீரின் வேகம் என்னவென்று அட்டவணை போட்டு வெளியிட்டார்கள். அன்று முதல் இன்று வரை உலகில் யார் புதிதாக புரோகிராம் எழுதினாலும் தன் எண்களைக் கொண்டுபோய் அந்த அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அழுத்தத்தை ஊகித்து, ருசி பார்த்து, திருத்தி, முதல் தடவை ஓட்டும்போது அநேகமாக எண்கள் தறிகெட்டு ஓடும். மாணவர் திருத்தத்தைப் பத்தில் எட்டாகக் குறைப்பார். மறுபடி ஓட்டுவார். பிறகு ஐந்தாகக் குறைப்பார். எல்லாப் பெட்டிகளிலும் நுழைந்ததும் வெளியேறியதும் நேராகி, நடுக்கோட்டு எண்களை கியா தம்பதியின் அட்டவணையோடு வரி வரியாக ஒப்பிட்டு, மூன்றாவது தசம இடம் வரை பொருந்துகிறது என்று பார்த்த பிறகே ஆசிரியர் அடுத்த பயிற்சியைக் கொடுப்பார். அடுத்தது, அதே பெட்டி. இம்முறை ஒரு சுவர் சூடாக இருக்கும்.